நிலாத் தெருவில் சார்ஜ் கொடுத்த கதை

நெய்வேலியில் ராத்திரி கடிகாரம் பார்த்து வருவதில்லை, ஷிஃப்ட் பார்த்து வரும். மூன்றாம் ஷிஃப்ட் முடித்து வீடு திரும்புகிறவனுக்குக் காலை ஏழு மணிதான் சாயங்காலம். முதல் ஷிஃப்ட்காரனுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து சுரங்க பஸ்ஸை விட்டு இறங்கும்போதே பொழுது சாய்ந்துவிடும். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருக்கும்; அவனுக்கு அது அந்தி.

இதைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் பக்கத்து ஊரான வடக்குத்துப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா கட்டினார். முன்பக்கம் ராட்டினம், நீர்ச் சறுக்கு, வால் உடைந்த ஃபைபர் டைனோசர் எல்லாம் குழந்தைகளுக்கு. பின்பக்கம் பெரியவர்களுக்காக ஒரு தெரு. முழுத் தெருவுக்கும் மேலே தகரம் போட்டு, உள்பக்கம் கறுப்பு வண்ணம் அடித்து, அதில் பொடிப்பொடியாக விளக்குகளைப் பதித்திருந்தார். எந்த நேரத்தில் நுழைந்தாலும் உள்ளே இரவு. இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் நீளமான பெஞ்சுகள், கோடியில் ஒரு சின்ன மேடை. நிலாத் தெரு என்று பெயர். ஊரில் எவனெவனுக்கு எப்போதெப்போது ராத்திரி வேண்டுமோ, அப்போது அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம்.

எனக்கு நிலக்கரிச் சுரங்கத்தில், கரியைப் பெல்ட்டில் ஏற்றிவிடுகிற கன்வேயர் பிரிவில் வேலை. ஓய்வு நேரங்களில் நிலாத் தெருவின் மைக் என் கையில் இருந்தது. "பச்சைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று தொலைந்துவிட்டது. பெற்றோர் வந்து வாங்கிக்கொள்ளவும். கணவன் தொலைந்ததாகப் புகார் கொடுத்த அம்மணி கவனத்துக்கு, நன்றாகத் தேடிவிட்டோம், கிடைக்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது." இந்த மாதிரி. பல வருடம் இதையே சொல்லியிருக்கிறேன். யாரும் சிரிக்காவிட்டாலும் ஸ்பீக்கரில் என் சிரிப்பே பலமாகக் கேட்கும் என்பதால் குறை தெரிந்ததில்லை.

ஆனால் அந்தத் தெருவில் உண்மையான முக்கியஸ்தர் என் மனைவிதான். இடது பக்கம் நடுவில் அவள் கடை. முந்திரிப் பக்கோடா, பலாக்கொட்டை வறுவல், சுக்குக் காபி. அவள் வடக்குத்துக்காரி. என்னைக் கட்டிக்கொண்டு டவுன்ஷிப் குவார்ட்டர்ஸுக்கு வந்தவள், அந்த வீட்டை ஒருநாளும் தன்னுடையது என்று சொன்னதில்லை. "கம்பெனி வூடு" என்பாள். நான் ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய வீடு. நிலாத் தெருக் கடையை மட்டும்தான் "என் எடம்" என்று சொல்வாள். வாடகைக் கடைதான் அதுவும். எடுத்துச் சொல்கிற தைரியம் எனக்கு வந்ததில்லை.

பூங்காவுக்குக் கூட்டம் குறைந்தது. முதலில் ராட்டினம் நின்றது, பிறகு சறுக்கில் தண்ணீர் நின்றது. உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தார்கள். நிலாத் தெரு கொஞ்ச நாள் தனியாக ஓடிப் பார்த்துவிட்டு அதுவும் நின்றது. மின் இணைப்பைத் துண்டித்தார்கள். உள்ளூரில் நம்பிக்கையான ஆள் என்று உரிமையாளர் கேட் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு மகனிடம் போய்விட்டார். அவர் பல விஷயங்களில் ஏமாந்தவர். சாவி விஷயம் அதில் கடைசி.

கடை மூடியபின் மனைவி மாறிப்போனாள். சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் கலக்கமாக இருந்தது. மத்தியானம் பஸ் வருகிற நேரத்துக்கு எழுந்து புடவை மாற்றிக்கொள்வாள், பிறகு போக இடமில்லாமல் ஹாலில் உட்கார்ந்திருப்பாள். கையில் கரண்டி இல்லாத சமயத்திலும் அவள் வலது மணிக்கட்டு லேசாகத் திரும்பிக்கொண்டே இருக்கும், எண்ணெயில் எதையோ புரட்டுவதுபோல.

அப்போதுதான் ஒரு சேதி வந்தது. ஒரு நிறுவனம் அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுக்க யோசிக்கிறதாம். இரண்டு திட்டங்கள் இருந்தன. ஒன்று, தெருவை மறுபடி தெருவாகவே திறப்பது. இன்னொன்று, கடைகளை உடைத்துத் தள்ளி முந்திரிப் பருப்புக் கோடவுன் ஆக்குவது. பார்வையிட ஒரு மேடம் வருகிறார், சாவிக்காரர் சுற்றிக்காட்ட வேண்டும்.

"முந்திரிய மூட்ட கட்டி அடுக்கவா?" என்றாள் மனைவி. "நான் முந்திரிய பொறிச்சிக் குடுத்த எடத்துலயா?"

"மேடம் முடிவு பண்ணணும்."

"ஏங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. போனமா, காட்டனமா, வந்தமான்னு இருங்க. ஜோக்கு அடிக்காதீங்க. அந்த அம்மா நல்ல மனசோட வூடு போயி சேரணும்."

"நான் ஜோக் அடிச்சா எல்லாரும் சிரிப்பாங்க."

"சிரிக்கல. ஒங்க மேல எரக்கப்பட்டாங்க. நான் கடைலேர்ந்து பாத்துகினுதான இருந்தேன்."

எனக்குப் பேய் பயம் உண்டு. வயது ஐம்பதைத் தாண்டிய பிறகும் உண்டு. அதனால் மேடத்தை என் வாரவிடுமுறை நாளில், மத்தியானம் இரண்டரைக்கு வரச் சொன்னேன். பட்டப்பகலில் எந்தப் பேய்க்கும் வேலை இல்லை என்பது என் கணக்கு. அந்தத் தெருவுக்குள் பகல் என்ற ஒன்றே கிடையாது என்பதைக் கேட்டைத் திறந்த பிறகுதான் நினைத்துக்கொண்டேன்.

மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தோளில் பை, கையில் சுவரின் தூரத்தை அளக்கிற ஒரு சின்னக் கருவி. அதை அமுக்கினால் சிவப்புப் புள்ளி ஒன்று எதிர்ச் சுவரில் போய் உட்காரும்.

உள்ளே நுழைந்ததும் குளிர்ந்தது. வெளியில் தார் உருகுகிற வெயில். தகரத்துக்கு அடியில் அடுப்பாகக் கொதிக்க வேண்டாமா? கொதிக்கவில்லை. நனைந்த துணியை முகத்தில் போட்டதுபோல் இருந்தது. பதித்த விளக்குகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஆனால் மேலே நட்சத்திரங்கள் இருந்தன. நான் நின்றுவிட்டேன்.

"லைட் எரியுதே," என்றேன்.

"தகரம் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு சார். வெயில் அது," என்றார் மேடம்.

"தெரியும் மேடம். உங்களைச் சோதிச்சேன்."

ஷட்டர்கள் இறங்கியிருந்தன. பெஞ்சுகள் போட்டது போட்டபடி. தூசி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிந்திருக்க வேண்டும் அல்லவா? பெஞ்சுகளின் மேல் சில இடங்களில் தூசி இல்லை. ஒரு ஆள் உட்காருகிற அகலத்துக்குத் துடைத்தாற்போல் இருந்தது. டார்ச்சை வேகமாக வேறு பக்கம் திருப்பினேன். பார்க்காத விஷயம் இல்லாத விஷயம். கன்வேயரில் முப்பது வருஷம் நான் கடைப்பிடித்த கொள்கை அது.

மேடம் அளந்துகொண்டே போனார். சிவப்புப் புள்ளி ஷட்டர் ஷட்டராகத் தாவியது. ஒருமுறை அது என் சட்டையின் நெஞ்சுப் பக்கம் வந்து நின்றது. நான் அதை இரண்டு கையாலும் தட்டிவிட்டேன்.

"சாரி சார், நீங்க நடுவுல நிக்கறீங்க."

"பூச்சின்னு நெனச்சேன்."

"பயமா இருக்கா?"

"எனக்கா? இங்க பத்து வருஷம் மைக் பிடிச்சவன் மேடம் நான்." என் குரல் மேடையில் பட்டுத் திரும்பி வந்தது. திரும்பி வரும்போது அது என் குரலைவிடக் கொஞ்சம் வயதானதாக இருந்தது. அதற்குப் பிறகு கிசுகிசுப்பாகத்தான் பேசினேன்.

மனைவியின் கடையைக் காட்டி, "இதுதான் மேடம் இந்தத் தெருவுக்கே உயிர்," என்று சொல்ல நினைத்திருந்தேன். அந்த இருட்டில் 'உயிர்' என்ற சொல்லை வாயில் எடுக்கத் தைரியம் வரவில்லை. "இது ஒரு கடை," என்றேன். மேடம் தலையாட்டிவிட்டு அளந்தார்.

"கட்டடம் கோடவுனுக்குச் சரியா இருக்கும்போல," என்றார்.

அந்த நேரம் பார்த்து நான் கேட்டைத் திரும்பிப் பார்த்தேன்.

தெருவின் மறுகோடியில் கேட் ஒரு வெள்ளைச் சதுரமாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வெள்ளையில் உருவங்கள் நின்றன. தலை இருந்த இடத்தில் உருண்டையாக ஹெல்மெட் இருந்தது. முகம் தெரியவில்லை. பேச்சில்லை. ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வரத் தொடங்கின. கனமான பூட்ஸ் சத்தம் மட்டும் கேட்டது.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் அடுத்த ஷிஃப்ட் ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளாமல் யாரும் இடத்தைவிட்டு நகரக் கூடாது. வருகிறவர் ரிலீவர். இருட்டில் ஹெல்மெட் போட்ட ஓர் உருவம் நம்மை நோக்கி நடந்து வந்தால், நம் மனசு யாரென்று கேட்காது. 'அப்பாடா' என்று மட்டும் சொல்லும். எந்திரம் எப்படி ஓடுகிறது என்று ஒப்பித்து, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குக் கிளம்பிவிடுவோம். அதற்குச் சார்ஜ் கொடுப்பது என்று பெயர். தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வோம்.

பயத்திலும் செய்வோம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் உருவம் என் எதிரில் வந்து நின்றது. மண்ணும் வேர்வையும் கலந்த வாசனை. என் வாய் தன் போக்கில் பேசியது. "பெல்ட் ஓடிட்டிருக்கு. ஒரு ரோலர் சத்தம் போடுது, பாத்துக்குங்க. விசிட்டர் ஒருத்தங்க உள்ள இருக்காங்க. வேற ப்ராப்ளம் ஒண்ணும் இல்ல."

அந்த உருவம் ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டது. பிறகு, "சரிங்க, நீங்க கெளம்புங்க," என்றது.

நான் டார்ச்சைக் கொடுத்தேன். கேட் சாவிக் கொத்தைக் கொடுத்தேன். எதிரே வந்துகொண்டிருந்த மற்ற உருவங்களுக்கு ஒதுங்கி வழிவிட்டு, வெயிலுக்கு வந்து, ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. நல்லபடியாக முடிந்த ஷிஃப்டுக்குப் பிறகு வருகிற அதே சந்தோஷம். சிக்னல் அருகே ஒரு இளநீர்கூடக் குடித்தேன் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். குடித்தேன்.

வீட்டு வாசலிலேயே மனைவி நின்றிருந்தாள்.

"என்னா சொன்னாங்க?"

"யாரு?"

"அந்த மேடம்தான். எங்க அவங்க? பஸ் ஸ்டாண்டுல வுட்டுட்டீங்களா?"

அப்போதுதான் எனக்கு மேடம் ஞாபகம் வந்தது.

"உள்ள இருக்காங்க," என்றேன்.

"எதுக்குள்ள?"

"தெருவுக்குள்ள."

"தனியா வுட்டுட்டா வந்தீங்க? சாவி எங்க?"

"குடுத்துட்டேன்."

"யாரான்ட?"

"ரிலீவர்கிட்ட."

"பூட்டிக் கெடக்கற பார்க்குக்கு ஏதுங்க ரிலீவரு?"

மேடத்துக்குப் போன் போட்டேன். தகரத்துக்கு அடியில் சிக்னல் கிடையாது. அந்தக் காலத்திலும் கிடையாது. மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் பின்னால் ஏறினாள். வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள், அதுவும் என் முதுகிடம். "என் கடைய நீங்களே மூட்ட கட்டிட்டீங்க."

கேட் அகலமாகத் திறந்திருந்தது. நான் வாசலில் நின்று, "யாராவது இருக்கீங்களா?" என்றேன். இல்லை என்று யாராவது சொன்னால் ஓடிவிடலாம் என்ற எண்ணம். மனைவி என்னைத் தாண்டி உள்ளே போனாள். வெளியே தனியாக நிற்பதும் பயமாக இருந்ததால் நானும் போனேன்.

கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. பழகியதும் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். பெஞ்சுகள் எல்லாம் நிறைந்திருந்தன. வரிசை வரிசையாக மனிதர்கள். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கையை அதன் மேல் வைத்துக்கொண்டு, எதிரே மூடிக் கிடந்த ஷட்டர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். தகர ஓட்டைகளிலிருந்து விழுந்த வெளிச்சம் ஒருவர் தோளிலும் ஒருவர் முழங்காலிலும் காசு மாதிரி கிடந்தது. யாரும் பேசவில்லை. யாரும் போனைத் தொடவில்லை. அத்தனை பேர் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும், பெரிய விலங்கு ஒன்று தூங்குவதுபோல.

அவர்கள் நடுவில் மேடம் உட்கார்ந்திருந்தார். அவரும் எதிரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேடம்," என்று நான் கிசுகிசுத்தேன். "நல்லா இருக்கீங்களா?"

"ஷ்ஷ்," என்றார் மேடம்.

சாவி வாங்கிய ஆள் எழுந்து வந்தார். கன்னத்தில் மண் காய்ந்திருந்தது. காடாம்புலியூரிலிருந்து சுரங்கத்துக்கு வருகிற கான்ட்ராக்ட் தொழிலாளி என்று அவர் பேசிய பிறகுதான் தெரிந்தது. பேய் இல்லை. இருந்தாலும் முந்தானையை உடனே விட்டுவிடவில்லை.

"யாருன்னு தெரியாம சாவி வாங்கலாமாங்க நீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"சாரு சார்ஜ் குடுத்தாருங்க. வாங்கிக்காம இருக்க முடியுமா?" என்றார் அவர். அவர் கேட்டது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. "பஸ்ஸு இங்கதாங்க எறக்கி வுடுது. எறங்கனா காலு தன்னால கேட்டுக்கு வந்துருது. தெனம் வருவோம், பூட்டி இருக்கும், செத்த நேரம் நின்னுகினு இருந்துட்டு போயிடுவோம். இன்னிக்கித் தொறந்து இருந்துது. உள்ள வந்துட்டோம்."

"எதுக்குப் பேசாம உக்காந்திருக்கீங்க?" என்று நான் கேட்டேன்.

மனைவிதான் பதில் சொன்னாள். "எப்பவும் இப்டித்தாங்க உக்காந்து இருப்பாங்க. எட்டு மணி நேரம் மிசினு சத்தம் காதுல. வந்த ஒடனே யாரு பேசுவாங்க? ஒங்க மைக்கு அலறுன அலறல்ல இது ஒங்களுக்குத் தெரியல."

பத்து வருடம் நான் இந்த மௌனத்துக்கு நடுவில் நின்றுதான் தொலைந்துபோன கணவன்களைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நல்லவர்கள். ஒருவரும் செருப்பை எறிந்ததில்லை.

மேடம் எழுந்து எங்களிடம் வந்தார். கோபமாக இருப்பார் என்று இரண்டு மன்னிப்பும் ஒரு ஜோக்கும் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"நீங்க போனதும் முதல்ல பயந்தேன் சார். அப்புறம் பின்னாடி பெஞ்சுல இருந்தவங்களைப் பாத்ததும் தைரியம் வந்துடுச்சு. அவங்க பாட்டுக்கு அமைதியா இருந்தாங்க."

"இவங்களா?"

"இவங்க இல்ல. இவங்க வர்றதுக்கு முன்னாடியே மேடைப் பக்கம் கடைசி பெஞ்சுல உக்காந்திருந்தாங்களே, அவங்க."

நான் சாவி வாங்கியவரைப் பார்த்தேன். கேட்டை நான்தான் அன்று திறந்தேன். அதற்கு முன் அது பூட்டியிருந்தது.

"பின்னாடி காம்பவுண்டுல ஓட்ட ஒண்ணு இருக்குதுன்னு சொல்லுவாங்க," என்றார் சாவி வாங்கியவர். "அது வழியா வந்து இருப்பாங்க."

அந்த ஓட்டையை நான் இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை. இருக்கிறது என்று முழுமனதாக நம்புகிறேன்.

இதற்குள் மனைவி எங்களைவிட்டு நகர்ந்து தன் கடைக்கு முன்னால் போயிருந்தாள். இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். தெரு மூடியபின் எல்லோரும் சாமான்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவள் ஒன்றையும் எடுக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஷட்டர் ஒரு பெரிய கூச்சலோடு மேலே போனது. அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பின.

அவள் உள்ளே போய் அடுப்பு மேடையைத் துடைத்தாள். சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான் செய்தாள். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து கடைக்கு முன்னால் போய் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சத்தமில்லாமல் வரிசை வளைந்து நீண்டது.

"இன்னிக்கி ஒண்ணும் இல்லீங்க," என்றாள் மனைவி. "மாவு இல்ல, எண்ண இல்ல. சும்மா தொடைக்கத்தான் தொறந்தேன்."

யாரும் நகரவில்லை. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. நின்றார்கள்.

மேடம் என் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருவியைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தார்.

மனைவி கடைக்குள்ளிருந்தே அவரைக் கூப்பிட்டாள். "ஏம்மா, ஒங்களத்தான். சுத்தி வளைச்சி கேக்கத் தெரியாது எனக்கு. இத தெருவா வுடுவீங்களா, கோடவுனு ஆக்குவீங்களா?"

"நான் முடிவு பண்றதில்லம்மா. எழுதிக் குடுப்பேன், மேல இருக்கறவங்க முடிவு பண்ணுவாங்க."

"என்னா எழுதுவீங்க?"

மேடம் வரிசையைப் பார்த்தார். அதன் வால் இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. "கோடவுனுக்கு இந்த இடம் ஒத்து வராதுன்னு எழுதுவேன். உள்ள ஆள் இருக்காங்கன்னு எழுதுவேன். அதுக்கு மேல என்னால சத்தியம் பண்ண முடியாது."

"அது போதும்," என்றாள் மனைவி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "நின்னுகினு என்னா பாக்குறீங்க? வூட்டுக்குப் போயி கடல மாவு, எண்ண டின்னு, முந்திரி டப்பா எல்லாம் எடுத்தாங்க. உப்ப மறந்துடாதீங்க."

அன்றுதான் முதல்முறையாக அவள் எங்கள் குவார்ட்டர்ஸை வெறும் வீடு என்று சொன்னாள். கம்பெனியை மறந்துவிட்டாள். அவசரத்தில் சொன்னதாகக்கூட இருக்கலாம்.

கேட்டுக்குப் போக வேண்டுமென்றால் அந்த வரிசையை ஒட்டியே நடக்க வேண்டும். நடந்தேன். ஒவ்வொருவரையும் தாண்டும்போது, "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்," என்று சொல்லிக்கொண்டே போனேன். எல்லோரும் நகர்ந்து வழிவிட்டார்கள். தோள் பட்டது, தோளாகத்தான் இருந்தது. அதில் கொஞ்சம் தெம்பு வந்தது.

நான் மாவும் எண்ணெயுமாகத் திரும்பி வந்தபோது வரிசை கேட்டுக்கு வெளியே வெயிலில் நீண்டிருந்தது. நடுவில் மேடமும் பையை முன்னால் மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். உள்ளே நீலமாக ஒரு தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது. தீக்கு மேலே என் மனைவியின் முகம். அவள் டின்னை என் கையிலிருந்து பிடுங்கி, மூடியைத் திறந்து, வாணலியில் ஊற்றினாள்.

"உப்பு எங்க?" என்றாள்.

மறந்திருந்தேன்.